முத்துக்குளித்துறையில் முதுமை: பராமரிப்புச் சட்டம் வந்த வழி

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில், தூத்துக்குடியை நடுவாகக் கொண்டு நீளும் கடற்கரை முத்துக்குளித்துறை எனப்படுகிறது. வேம்பார், வைப்பார், புன்னைக்காயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு முதலியவை இதன் ஊர்கள். இக்கரையின் முத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். முத்தெடுத்தவர்கள் வயதான பின் யார் சோற்றில் இருந்தார்கள், படுக்கையில் விழுந்தால் யார் பார்த்தார்கள் என்பது பற்றி எழுதப்பட்டவை குறைவு. அந்தக் கேள்விக்குச் சட்டம் எப்போது, எந்த அளவுக்குப் பதில் சொன்னது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சலாபமும் கயிறும்

முத்துக்குளிப்புப் பருவத்தைச் சலாபம் என்பார்கள். சிப்பி விளையும் கடலடித் திட்டு பார். குளியாளி கால்விரலில் கல்லைப் பற்றி ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிடம் அளவில் சிப்பி பொறுக்கி, கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் அவரைத் தூக்குவார். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலி அறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்பது அதற்குச் சொல்லும் காரணம். எல்லாத் தோணியிலும் அப்படித்தான் நடந்ததா என்பது வேறு விஷயம். காப்பீடு இல்லாத தொழிலில் உறவையே காப்பீடாக வைத்திருந்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

கூலி பணமாக வரவில்லை. ஆங்கிலேயர் காலச் சலாபங்களில் கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. தம் பங்கை அவர் கரையிலேயே வியாபாரிக்கு விற்றுவிடுவார். சலாபமும் ஆண்டுதோறும் வருவதில்லை. 1928-க்குப் பிறகு 27 ஆண்டுகள் பார்கள் பலன் தரவில்லை. 1955-இல் தொடங்கிய சலாபங்கள் 1961-உடன் நின்றுபோயின. இடைப்பட்ட காலத்தில் சங்கு குளித்தும் மீன் பிடித்தும் தோணியில் சரக்கு ஏற்றியும் பிழைத்தார்கள். முதுமைக்கென்று எடுத்து வைக்க இந்த வருமானத்தில் இடமில்லை.

பொதுப் பராமரிப்புக்கான முயற்சி ஒன்று இக்கரையில் மிக முன்னதாகவே நடந்தது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில், தமிழில் நூல்கள் அச்சிட்டவராக அறியப்படும் அன்றீக் அடிகளார் புன்னைக்காயலில் ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனை அமைத்தார். ஊர் மக்களின் கொடை அதைத் தாங்கியது. ஆயினும் அது நோயாளிக்கானது. நடமாட்டம் இழந்த முதியவர் வீட்டுத் திண்ணையில்தான் கிடந்தார்.

சட்டத்தில் விடுபட்டவர்கள்

1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் தந்தது, பெற்றோருக்குத் தரவில்லை. 1956-இல் வந்த தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் வயதான பெற்றோரைக் காக்கும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் விதித்தது. ஆனால் அது இந்துக்களுக்கான சட்டம். காயல்பட்டினம் முஸ்லிம்களுக்கு அவர்களது தனிச் சட்டம் பெற்றோரைக் காக்கும் கடமையைக் கூறுகிறது. வீட்டை மகளுக்குக் கொடுத்து மருமகனை அங்கே குடிவைக்கும் ஊர் வழக்கத்தால் பெற்றோர் பெரும்பாலும் மகளோடு ஒரே கூரையில் இருந்தார்கள். கத்தோலிக்கப் பரதவர்களுக்கோ பெற்றோர் ஜீவனாம்சத்துக்கென எழுதப்பட்ட சட்டம் எதுவும் அப்போது இல்லை.

1973-ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 125-இல், மத வேறுபாடின்றிப் பெற்றோரையும் சேர்த்தது. அது 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை 11-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. துறைமுகத்தின் நிரந்தரப் பணியாளருக்கு ஓய்வுக்காலப் பாதுகாப்பு கிடைத்தது. உப்பளத்திலும் தோணியிலும் கட்டுமரத்திலும் இருந்தவர்களுக்கு எஞ்சியது நீதிமன்றப் படி. அங்கும் மாதத்துக்கு 500 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. அந்த உச்சவரம்பு 2001-இல்தான் நீங்கியது. மணமான மகளும் பெற்றோரைக் காக்கக் கடமைப்பட்டவரே என்பதை 1987-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கடைசிச் சலாபம் முடிந்த மறு ஆண்டு, 1962 ஏப்ரல் 1-இல், மாநில அரசு ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் தரத் தொடங்கியது. மக்கள் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்று சொல்லும் இத்தொகை 2023 முதல் 1,200 ரூபாய்.

செட்டில்மெண்ட் பத்திரம்

முதியவரிடம் எஞ்சும் சொத்து பெரும்பாலும் வீடு. உயில் எழுதுவதைவிட உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். பின்னால் சண்டை வராது என்ற எண்ணம் ஒரு காரணம். பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை மற்றொன்று. பத்திரம் பதிவானதும் வீடு கைமாறிவிடும். பிள்ளை கைவிட்டால், பெற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும்.

இந்த இடத்தைத்தான் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் தொட்டது. அதன் 23-ஆம் பிரிவின்படி, அடிப்படை வசதிகளும் உடல் தேவைகளும் கவனிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, வாங்கியவர் அந்த நிபந்தனையை மீறினால், தீர்ப்பாயம் செல்லாதென அறிவிக்கலாம். கோட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிப்பார். பராமரிப்புத் தொகை கோரும் மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும். வழக்கறிஞர் வாதாட இச்சட்டம் இடம் தரவில்லை. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. தமிழ்நாட்டின் விதிகள் 2009-இல் வந்தன.

சிக்கல் ‘நிபந்தனை’ என்ற சொல்லில் இருந்தது. பெற்ற பிள்ளையிடம் “சோறு போட்டால்தான் வீடு” என்று பத்திரத்தில் எழுத எத்தனை தாய்க்கு மனம் வரும்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாக நிறுவாமல் 23-ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேச வழக்கொன்றில், தனித்தாளில் எழுதிய வாக்குறுதியையும் கணக்கில் எடுத்து, முதியோர் நலச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தாயிடம் வீட்டைத் திருப்பித் தந்தது. இரண்டு மாதம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. பத்திரத்தில் வெளிப்படையான நிபந்தனை இல்லாவிட்டாலும், அன்பும் பாசமுமே உள்ளடங்கிய நிபந்தனை என்றது.

பராமரிப்புச் செலவு

அமெரிக்காவில் ‘எல்டர் லா’ என்ற சட்டத்துறை வளர்ந்ததற்கு முதியோர் இல்லச் செலவு முக்கியக் காரணம். ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டம் அச்செலவை ஏற்கும். ஆனால் விண்ணப்பத்துக்கு முந்தைய 60 மாதங்களில் சொத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால் உதவி சில காலம் தள்ளிப்போகும். நம் சட்டம் எதிர்த்திசையில் நிற்கிறது. இங்கே கேள்வி சொத்தை வாங்கிக்கொண்ட பிள்ளையிடம் கேட்கப்படுகிறது, ஏனெனில் செலவை ஏற்க வேறு எவரும் இல்லை. ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் நீண்டகாலப் பராமரிப்புக்கெனக் கட்டாயக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. இந்தியாவில் அப்படியொன்று இல்லை.

2007-ஆம் ஆண்டின் சட்டம் பராமரிப்புத் தொகைக்கு வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். நாளொன்றுக்கு 333 ரூபாய். பக்கவாதத்தில் விழுந்த ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்க, புண் வராமல் துடைக்க, ஆள் வைத்தால் அது போதாது. வரம்பை நீக்கும் திருத்த மசோதா 2019-இல் மக்களவையில் வைக்கப்பட்டது, நிறைவேறவில்லை. 2024 அக்டோபர் முதல் 70 வயது கடந்த அனைவருக்கும் மத்திய அரசு தரும் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு மருத்துவமனைச் சிகிச்சைக்கு மட்டுமே. வீடு தேடி வருவது, 2021-இல் தமிழ்நாடு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் செவிலியரும் இயன்முறை மருத்துவரும்தான். அவர்கள் வந்து போன பிறகு மிச்ச நேரம் முழுவதும் வீட்டுப் பெண்ணின் கையில். அந்த உழைப்புக்கு எந்தச் சட்டமும் விலை போடவில்லை. விருதுநகர் உள்ளிட்ட தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் வழக்கம் குறித்து வந்த செய்திகளைப் படிக்கும்போது, இந்தச் செலவுக் கணக்கை மறந்துவிட்டுப் படிக்க முடியாது.

இன்று செட்டில்மெண்ட் எழுதுபவர் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லலாம்: ஆயுள் வரை அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமை தமக்கு உண்டு என்பது ஒன்று, உணவு, மருத்துவம், ஆள் துணை ஆகியவற்றை வாங்குபவர் கவனிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதிவைத்தால் மனம் மாறும்போது மாற்றிக்கொள்ளலாம். கைவிடப்பட்டவர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். 2007-க்கு முன் எழுதிக் கொடுத்த வீடுகளுக்கு 23-ஆம் பிரிவு பொருந்தாது.