நுண்ணுயிர்களின் கதை – 14: கற்பூரம் தின்ற கிருமி

1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். கொட்டிய எண்ணெயைக் கிருமிகள் தின்ற கதை இந்த வாரம் என்றும் வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னிக்க வேண்டும். எழுத உட்கார்ந்ததும் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி குறுக்கே வந்து நின்றுவிட்டார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

மேற்கு வங்கத்து சைந்தியாக்காரர், 1938-ல் பிறந்தவர். 1965-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு இல்லினாய்ஸில் கன்சேலஸ் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே வளர்த்த சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குத் தீனி கற்பூரம். கழுதைக்குத் தெரியாத கற்பூர வாசனை இந்தக் கிருமிக்குத் தெரிந்திருந்தது!

அந்தத் திறமை குரோமோசோமில் இல்லை. பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. வளையம் ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். கற்பூரத்துக்கு ஒரு வளையம் இருப்பதுபோல ஆக்டேன், சாலிசிலேட், நாப்தலீன் ஆகியவற்றுக்கும் தனித்தனியே இருந்தன. கச்சா எண்ணெயோ பல ஹைட்ரோகார்பன்களின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிருமியை விட்டால் அவை தமக்குள்ளேயே மல்லுக்கட்டும். நாலு வளையத்தையும் ஒரே கிருமிக்குள் வைத்துவிட்டால்?

1971-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஸ்கெனெக்டடி ஆய்வு மையத்தில் சேர்ந்தவர் அதைத்தான் செய்தார். கற்பூர வளையமும் ஆக்டேன் வளையமும் ஒரே உறையில் இரண்டு கத்திகள். ஒன்று நுழைந்தால் மற்றது வெளியேறிவிடும். புற ஊதா ஒளியைக் காட்டி இரண்டையும் ஒன்றாக ஒட்டவைத்தார். சோதனைக்குழாயில் டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டிய வேலையல்ல இது. அப்படியே இன்றும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

1972-ல் காப்புரிமை கேட்டார்கள். கிருமியை உருவாக்கும் முறைக்கும், அதை வைக்கோல் போன்ற மிதக்கும் பொருளில் ஏற்றித் தூவுவதற்கும் அலுவலகம் தலையாட்டியது. கிருமிக்கு மட்டும் மறுத்தது: அது இயற்கையின் பொருள், போதாக்குறைக்கு உயிருள்ளது. வைக்கோலுக்குச் சரி, கிருமிக்குக் கூடாது! வழக்கு எட்டாண்டு இழுத்து உச்ச நீதிமன்றம் வரை போனது. காப்புரிமை ஆணையரின் பெயரோடு சேர்த்து ‘டயமண்ட் எதிர் சக்கரவர்த்தி’ என்பார்கள்.

1980 ஜூன் 16-ல் தீர்ப்பு. ஐந்துக்கு நான்கு. உயிருள்ளதா, இல்லாததா என்பதல்ல கேள்வி, இயற்கை செய்ததா, மனிதன் செய்ததா என்பதுதான் என்றார் தலைமை நீதிபதி வாரன் பர்கர். எதிர்த்து எழுதிய பிரென்னன், 1930-ல் தாவரங்களுக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்ததே, உயிருக்கு ஏற்கெனவே உரிமை இருந்திருந்தால் அது எதற்கு என்று கேட்டார். உயிருக்கு உரிமை தருவதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்யவேண்டும் என்பது அவர் கட்சி. என் ஓட்டு பிரென்னனுக்கு. சக்கரவர்த்தி என் நாயகர்தான். ஆனால் அவர் கிருமியின் முதுகில் ஏறி லாபம் பார்த்தவர்கள் வேறு. வழக்கில் ஆதரவு மனு போட்டிருந்த ஜெனென்டெக், நாலே மாதத்தில் பங்குச் சந்தைக்கு வந்தது. 35 டாலர் பங்கு ஒரு மணி நேரத்துக்குள் 88-ஐத் தொட்டது.

சக்கரவர்த்தி தீர்ப்புக்கு முந்தைய ஆண்டே சிகாகோவில் பேராசிரியராகிவிட்டார். வியட்நாமில் தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ களைக்கொல்லியின் ஒரு பாதியான 2,4,5-டி-யைத் தின்னும் கிருமியைப் பழக்கியெடுத்தார். பிற்காலத்தில் அசூரின் என்ற பாக்டீரியா புரதத்தைக் கொண்டு புற்றுநோயோடு மோதினார். 2007-ல் பத்மஸ்ரீ, 2020-ல் மறைவு.

அந்த எண்ணெய்க் கிருமி? 1981 மார்ச் 31-ல் 42,59,444 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. கடலில் அதை ஒருநாளும் விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் செய்த உயிரைத் திறந்த வெளியில் விட அப்போது யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அலாஸ்காவில் எண்ணெயைத் தின்றவை அந்தக் கரையிலேயே குடியிருந்த நாட்டுக் கிருமிகள். மனிதர்கள் போட்டது நைட்ரஜனும் பாஸ்பரசும் கொண்ட உரம். அந்த உரக் கதை அடுத்த வாரம். இந்த முறை யார் குறுக்கே வந்தாலும் நிற்கமாட்டேன்.