தலைப்பாகையோடு பறந்த விமானி

டில்லி மாநகரின் மோதி பாக் பகுதியில் வாழும் தமிழ் அன்பர்கள் அங்குள்ள குருத்துவாராவை நன்கு அறிவர். 1707ஆம் ஆண்டு குரு கோவிந்த சிங் டில்லிக்கு வந்தபோது தங்கிய இடம் என்று சீக்கியர் போற்றும் தலம் அது. அதே மோதி பாக்கில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இருக்கிறது. பிறந்த மண்ணை விட்டு வந்து பிறர் நடுவே வாழ்வோர் யாவருக்கும் ஒரு கேள்வி எழுவது இயல்பு. புதிய ஊரோடு ஒன்றுவதற்காக நம்முடையவற்றில் எதை விடலாம், எதை விடலாகாது என்பதே அது. இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிய ஒரு சீக்கியப் பெரியாரின் வரலாறு தமிழர்களாகிய நமக்குப் பல வகையில் நெருக்கமானது. அவர் சர்தார் ஹர்தித் சிங் மாலிக்.

1894ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இராவல்பிண்டியில் ஒரு செல்வக் குடும்பத்தில் மாலிக் பிறந்தார். பதினான்கு வயதுச் சிறுவனாக இங்கிலாந்து சென்று ஈஸ்ட்போர்ன் பள்ளியில் பயின்றார். பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தின் பேலியல் கல்லூரியில் சரித்திரம் கற்றார். கிரிக்கெட்டில் வல்லவரான அவர் 1914ஆம் ஆண்டில் சஸெக்ஸ் அணியில் இடம் பெற்றார். அந்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. உடன் பயின்ற நண்பர்கள் ஒவ்வொருவராகப் படையில் சேர்ந்தனர். மாலிக்கும் சேர விரும்பினார். ஆனால், இந்தியர் ஒருவர் ஆங்கிலேய வீரர்களுக்கு அதிகாரியாவதை அக்காலத்துப் பிரிட்டிஷ் சர்க்கார் ஏற்கவில்லை. வாசல் அடைபட்டது.

அவர் மனம் தளர்ந்துவிடவில்லை. 1916இல் பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். அங்கே பிரெஞ்சு விமானப் படை அவரை ஏற்க முன்வந்தது. இச்செய்தியை அறிந்த ஆக்ஸ்போர்டு ஆசிரியர் உர்குஹார்ட், பிரிட்டிஷ் விமானப் படையின் தலைமையில் இருந்த ஜெனரல் ஹெண்டர்சனுக்குக் கடிதம் எழுதினார். பிரான்சு வரவேற்கும் ஒருவரைப் பிரிட்டன் மறுப்பது முறையா என்ற வினாவுக்கு மறுமொழி இருக்கவில்லை. 1917 ஏப்ரலில் மாலிக் ராயல் பிளையிங் கோர் என்னும் விமானப் படையில் அதிகாரியானார்.

அதன் பின்னரும் ஒரு தடை நின்றது. படைவீரன் தொப்பி அணிய வேண்டும் என்பது விதி. தலைப்பாகையைக் கழற்றுவதில்லை என்பது மாலிக்கின் உறுதி. முடிவில் விதிதான் வளைந்தது. தலைப்பாகையின் மேலேயே அணியத்தக்க பெரிய கவசத் தொப்பி ஒன்று அவருக்கெனத் தனியே செய்யப்பட்டது. அதை அணிந்து அவர் விமானத்தில் அமர்ந்த கோலத்தைக் கண்ட தோழர்கள், ‘பறக்கும் குட்டிச்சாத்தான்’ என்று வேடிக்கையாக அழைத்தனர். அந்தக் கேலியையும் அவர் புன்னகையோடு ஏற்றுக்கொண்டார்.

அந்நாளைய விமானங்கள் மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியவை. 28ஆம் அணியில் மாலிக் ஓட்டிய சாப்வித் கேமல் ஒருவர் மட்டுமே அமரக்கூடியது. விமானியின் முதுகுக்குப் பின்னே பெட்ரோல் தொட்டி இருக்கும். ஆபத்தில் குதித்துத் தப்புவதற்குப் பாரசூட்டும் அவ்விமானிகளுக்கு வழங்கப்படவில்லை. 1917 அக்டோபர் 26ஆம் நாள், மழையும் மேகமும் சூழ்ந்த வானில், கனடா நாட்டு வீரர் பார்க்கர் தலைமையில் அவர் புறப்பட்டார். ஜெர்மானிய விமானங்கள் பல சூழ்ந்துகொள்ள, மாலிக்கின் வலக் காலில் குண்டுகள் பாய்ந்தன. காயத்தோடு தாழப் பறந்து, துரத்தியவர்களிடமிருந்து விலகி, நேச நாட்டு எல்லைக்குள் வந்து அவருடைய விமானம் வீழ்ந்தது. அதில் நானூற்றுக்கும் மேற்பட்ட குண்டுத் துளைகள் காணப்பட்டன. காலில் தங்கிய குண்டுகள் ஆயுள் முழுதும் அங்கேயே இருந்தன. குணமானதும் அவர் மீண்டும் பறக்கச் சென்றார்.

அப்போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்த இந்தியர் நால்வர். பத்து வெற்றிகள் கண்ட இந்திர லால் ராய் 1918 ஜூலையில் பத்தொன்பதாம் வயதில் உயிர் துறந்தார். வெலிங்கரும் அதே ஆண்டில் மாண்டார். சென் என்பவர் பகைவரிடம் சிறைப்பட்டு மீண்டார். மாலிக் காயத்தோடு பிழைத்தார்.

போர் முடிந்தது, அவர் வாழ்க்கையின் இரண்டாம் பகுதி தொடங்கியது. ஐ.சி.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்து பஞ்சாபில் பணியாற்றினார். மணம் புரிந்து இல்லறம் ஏற்றார். பின்னர் இந்தியாவின் வர்த்தகப் பிரதிநிதியாக லண்டன், ஹாம்பர்க், நியூயார்க் நகரங்களில் பணிபுரிந்தார். 1944 முதல் 1947 வரை பாட்டியாலா சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். பாட்டியாலா அரசரின் மாளிகைக்கும் மோதி பாக் என்றே பெயர் என்பது ஓர் இனிய ஒற்றுமை. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் அவர் பிறந்த இராவல்பிண்டி பாகிஸ்தானுக்குச் சென்றது. சொந்த ஊர் வேற்று நாடாகிவிட்ட அவரையே, சுதந்திர இந்தியா தன் முதல் ஹைகமிஷனராகக் கனடாவுக்கு அனுப்பியது.

1949இல் மாலிக் பிரான்சு நாட்டில் இந்தியத் தூதரானார். அவர் வரலாறு தமிழ் மண்ணைத் தொடும் இடம் இதுவே. புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. துப்பாக்கிக்கு இடமில்லாத, சட்ட நுணுக்கமும் பொறுமையும் வேண்டிய பணி அங்கே காத்திருந்தது. சந்திரநாகூரை இந்தியாவுக்கு அளிக்கும் ஒப்பந்தம் 1951 பிப்ரவரி 2ஆம் நாள் பாரிஸில் கையெழுத்தானது. புதுச்சேரியின் செய்தி அவ்வளவு எளிதாக முடியவில்லை. 1954 மே மாதத்தில் பாரிஸில் நடந்த பேச்சு உடன்பாடின்றி முறிந்தது. இதற்கிடையே மக்களே கிளர்ந்தெழுந்தனர். தொழிலாளர் தலைவர் சுப்பையா முதலியோர் பல்லாண்டுகளாக நடத்திய போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது.

1956 மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கை, 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. மக்கள் பிரதிநிதிகள் மாற்ற விரும்பும் வரை பிரெஞ்சு மொழி ஆட்சிமொழியாக நீடிக்கலாம் என்றும், குறித்த காலத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் அது வகுத்தது. ஆட்சி மாறினும் மக்கள் தம் அடையாளத்தைத் தாமே தீர்மானிக்க இடம் வைத்த ஏற்பாடு அது. அந்நெடிய பேச்சுகளின் காலமெல்லாம் பாரிஸில் இந்தியாவின் பிரதிநிதியாய் இருந்தவர், தம் தலைப்பாகைக்காக ஒரு பேரரசின் விதியையே வளைத்த அதே மனிதர்.

1956இல் ஓய்வு பெற்ற மாலிக், முதுமையிலும் கோல்ஃப் ஆட்டத்தைக் கைவிடவில்லை. ‘சிறிது வேலை, சிறிது விளையாட்டு’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய சுயசரிதை, அவர் மறைவுக்குப் பின் 2010இல் வெளிவந்தது.

வருந்தத்தக்க ஒரு நிகழ்ச்சியையும் இங்கே குறித்தாக வேண்டும். 1984 அக்டோபர் 31இல் பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அதையடுத்த நாட்களில் டில்லி வீதிகளில் தலைப்பாகை அணிந்ததே குற்றமாகி, சீக்கியர் பல்லாயிரவர் உயிரும் உடைமையும் இழந்தனர். அந்நியப் படை மதித்து இடம் கொடுத்த தலைப்பாகைக்குத் தாய்நாட்டின் தலைநகரிலேயே இடமில்லாது போன நாட்கள் அவை. அப்போது மாலிக்குத் தொண்ணூறு வயது நிரம்பும் தறுவாய். அதிலிருந்து சரியாக ஓராண்டு கழித்து, 1985 அக்டோபர் 31ஆம் நாள், புது டில்லியில் அவர் காலமானார்.

தம் மொழியையும் வழக்கத்தையும் வெளிமாநிலத்தில் பேணி வாழும் நாம், அந்த உரிமை அண்டை வீட்டாருக்கும் உண்டு என்பதை மறக்கலாகாது. அவர்களுடைய தலைப்பாகை பாதுகாப்பாக இருக்கும் ஊரில்தான் நம் பிள்ளைகளின் தமிழும் பாதுகாப்பாக இருக்கும்.