மூன்று நிமிடக் கிட்டப்பா

எமோ, போஸ்ட்-ராக் கேட்கும் நண்பர்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்ற பேண்ட் தெரிந்திருக்கும். இல்லினாய்ஸ் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர். 1999-ல் ஒரே ஒரு ஆல்பம். 2000-ல் கடையைச் சாத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் அந்த ஆல்பம் பரவிப் பரவி, 2014-ல் அவர்களை மறுபடி மேடையேற வைத்தது.

ஆள் போன பிறகும் தட்டு பாடிக்கொண்டிருக்கும் கதைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். மேலகரத்திலிருந்து தென்காசி போய் பஸ் மாறினால் செங்கோட்டை. எஸ்.ஜி. கிட்டப்பாவின் ஊர். 1906-ல் பிறந்தார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956-ல்தான் நம் பக்கம் வந்தது. சிறுவயதிலேயே நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் குழு, பிறகு கன்னையா கம்பெனி. 1927-ல் கே.பி. சுந்தராம்பாளுடன் திருமணம். 1933 டிசம்பர் 2-ல் மரணம். வயது 28 கூட நிரம்பவில்லை.

1931-லேயே 'காளிதாஸ்' வந்து தமிழில் பேசும்படம் தொடங்கிவிட்டது. ஆனால் கிட்டப்பா ஒரு படத்திலும் இல்லை. அவர் எப்படி நடந்தார், சுந்தராம்பாளுக்கு எதிரே எப்படி நின்றார் என்பதெல்லாம் பார்த்தவர்களோடு போய்விட்டது. மிச்சம் கிராமபோன் தட்டுகள்தான்.

அந்தத் தட்டு அரக்கில் செய்தது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும். நாடகமோ ராத்திரி முழுக்க நடக்கும். 'ஒன்ஸ் மோர்' கேட்டால் பாட்டு நீளும். தாளக்கட்டு இல்லாத விருத்தத்தை நினைத்த மட்டும் இழுக்கலாம். இத்தனையையும் மூன்று நிமிடத்துக்குள் அடைக்கச் சொன்னால்? வள்ளலாரின் 'கோடையிலே' விருத்தத்தைக் கேளுங்கள். மேலே போகிறார், அங்கேயே பிருகாக்களை உதிர்க்கிறார், அவசரம் தெரியவே இல்லை. எனக்கு இதுதான் ஆச்சரியம்.

ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடினார் என்று இன்றைக்குக் கேட்பவர்களுக்குத் தோன்றும். மைக் இல்லாத கொட்டகை சார்! கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவனுக்கும் கேட்டாக வேண்டும். தொண்டைதான் ஸ்பீக்கர். ஆகவே தட்டில் நாம் கேட்பது ஒரு குரலை மட்டுமல்ல, அந்தக் கொட்டகையின் நீளத்தையும்தான்.

'காயாத கானகத்தே' பாட்டை 1945-ல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடினார். பலருக்கு அதுதான் தெரியும். மகாலிங்கம் நன்றாகத்தான் பாடுகிறார், குறை சொல்லவில்லை. ஆனால் கிட்டப்பாவைக் கேட்டுவிட்டு அதைக் கேட்டால் யார் வழியில் போகிறார் என்பது புரிந்துவிடும்.

கிட்டப்பா போனபின் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். 1935-ல் 'நந்தனார்' படத்தில் நடித்தபோது ஆண் வேடம், நந்தனாராகவே.

புதிதாகக் கேட்பவர்கள் 'எவரனி'யில் தொடங்கலாம். தியாகராஜர் கீர்த்தனை, தேவாம்ருதவர்ஷிணி ராகம். முதல் பத்து வினாடி ஊசியின் கரகரப்பு படுத்தும். பிறகு அது காதில் விழாது.