சேரர் 'சரேர்' ஆன கதை: தமிழ்க் குறியேற்றமும் அச்சுக்கோப்பும்

ஈய அச்சுக் காலத்தில் நூலாசிரியரின் கடமை தெளிவான கையெழுத்துப்படியைத் தருவதோடு முடிந்தது. கணினி வந்தபின் அச்சுக்கோப்பாளரின் பணி நம் தலையில் விழுந்தது. 1990களில் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனக் குறியேற்றம் கொண்டிருந்தன. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாடு இச்சிக்கலை ஆராய்ந்தது. 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன.

சிக்கலின் வேர் கொம்பில் உள்ளது. 'சே' என்பதைப் பழைய எட்டு பிட்டுக் குறியேற்றங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தன: முதலில் கொம்பு, பின்னர் சகரம். ஒருங்குறியோ சகரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது; இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. பேஜ்மேக்கர் அதனை அறியாது. என் கட்டுரை ஒன்றின் மெய்ப்பில் சேரர் அனைவரும் 'சரேர்' ஆகியிருந்தனர். (சோழர் தப்பினர் என்று எண்ண வேண்டா.) ஒருங்குறி பரவிய பின்னரும் அச்சகங்கள் பழைய எழுத்துருவையே கேட்டதில் வியப்பில்லை.

1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பிடிஎஃப், எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிய வழிசெய்தது. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 15930-1 தரம் அதனைக் கட்டாயமாக்கியது. ஆயினும் பொதித்த எழுத்துரு வடிவத்தைக் காக்குமேயன்றிச் சொல்லைக் காவாது. எட்டு பிட்டு எழுத்துருவில் அமைந்த ஆய்வேடு இன்றும் பிழையின்றி அச்சாகும். அதில் 'சேரர்' என ஒருங்குறியில் தேடினால் ஒன்றும் அகப்படாது. எந்தக் குறியேற்றம் என்பதை அறிந்தாலன்றி அதனை மாற்றவும் இயலாது. அப்பெயரை ஆய்வேடுகளில் குறித்து வைத்தோர் மிகச் சிலரே.