நுவரெலியா மாவட்டத்தின் குடித்தனங்கள்: தலைகள் எண்ணப்பட்டன, வாக்குகள் எண்ணப்படவில்லை

குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளை விரும்பி வாசிப்பவர்கள் மிகச் சிலரே. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் கூடத் தமக்குத் தேவையான ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவது வழக்கம். நானும் நெடுங்காலம் அவ்வாறுதான் அவற்றைப் பயன்படுத்தி வந்தேன். ஆயினும் 1871ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த அறிக்கைகளை வரிசையாக வைத்து, ஒரு மாவட்டத்தின் மக்களை மட்டும் பின்தொடர்ந்து சென்றால், அரசியல் நூல்கள் சொல்லாத பல விடயங்கள் அந்த அட்டவணைகளில் இருப்பதைக் காணலாம். இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது நுவரெலியா மாவட்டம்.

2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்து 11 ஆயிரத்துக்குச் சற்று அதிகமாகும். அதில் 53 வீதத்தினர் 'இந்தியத் தமிழர்' எனப் பதியப்பட்டிருந்தனர். சிங்களவர் ஏறத்தாழ 40 வீதம். 'இலங்கைத் தமிழர்' 4 வீதத்துக்குச் சற்று மேல். எஞ்சியோர் முஸ்லிம்களும் ஏனையோரும் ஆவர். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர் 4.4 வீதம் மட்டுமே. நுவரெலியாவிலோ பாதிக்கு மேற்பட்டோர் தோட்டப்புறத்தினர். இலங்கையின் 25 மாவட்டங்களில் தோட்டக் குடித்தனமே பெரும்பான்மையாக உள்ள மாவட்டம் இது ஒன்றுதான்.

குடித்தனம் என்ற சொல்லை இங்கு சற்று விளக்க வேண்டும். புள்ளிவிபரவியலில் வீடு வேறு, குடித்தனம் வேறு. ஒன்றாக வசித்து ஒன்றாகச் சமைத்து உண்பவர்களே ஒரு குடித்தனம். விடுதி, சிறைச்சாலை, வைத்தியசாலை போன்றவற்றில் தங்கியிருப்போர் குடித்தனச் சனத்தொகையில் சேரமாட்டார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் அங்கே இரண்டு குடித்தனங்கள் உள்ளன என்பது விதி.

இந்த விதியை ஒரு லயத்துக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று. அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு. காம்பராவில் தாயும் தகப்பனும் வயதுவந்த பிள்ளைகளும். மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆனதும் இஸ்தோப்பைச் சாக்கினாலோ தகரத்தினாலோ அடைத்து அவனுக்கு ஓர் இடம் ஒதுக்கப்படும். மருமகள் சில காலம் மாமியாருடன் சேர்ந்து சமைப்பாள். பிறகு மூலையில் தனி அடுப்பு வைப்பாள். அன்றிலிருந்து அட்டவணையில் ஒரு குடித்தனம் கூடிவிடுகிறது. ஆனால் காம்பரா கூடுவதில்லை. தோட்டப்புறத்தின் வீட்டு நெருக்கடியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இலங்கை முழுவதற்குமான முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871 மார்ச் 27ஆம் திகதி நடைபெற்றது. அன்று தீவின் சனத்தொகை 24 இலட்சம். மலைநாட்டில் அது கோப்பிக் காலம். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்குத் தமிழகத்திலிருந்து கங்காணிமாரின் பின்னால் மன்னார் வழியாகக் கால்நடையாக வந்தவர்களில் ஆண்களே மிக அதிகம். அறுவடை முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவர். எனவே அக்காலத்துத் தோட்டத்தில் கூலி ஆட்கள் இருந்தார்களே தவிர, குடும்பம் என்ற அமைப்பு வேரூன்றவில்லை.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிடத் தொடங்கியிருந்தார். தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்க ஆள் வேண்டும். கொழுந்து பறிப்பதற்குப் பெண்களே அமர்த்தப்பட்டனர். பெண்கள் வந்ததும் குடும்பங்கள் வந்தன. பிள்ளைகள் லயத்திலேயே பிறந்தன. பெயர்கள் தோட்டப் பதிவேட்டில் ஏறின. பருவகாலக் கூலிப்படை நிரந்தரக் குடியாக மாறியது இவ்வாறுதான். டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா என நாம் இன்று அறியும் தோட்டப் பகுதிகளின் சமூக அமைப்பு உருவானது இந்த மாற்றத்தின் பின்னரேயாகும்.

1901ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவ்வறிக்கையில் தமிழர் என்பது ஒரே நிரல்; தொகை 9 இலட்சத்து 51 ஆயிரம். அடுத்த மதிப்பீடு 1911இல் ஈ. பி. டென்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பொறுப்பில் நடந்தது. அப்போதுதான் முதன்முறையாகத் தமிழர் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரண்டு நிரல்களாகப் பிரிக்கப்பட்டனர். இலங்கைத் தமிழர் 5 இலட்சத்து 28 ஆயிரம். இந்தியத் தமிழர் 5 இலட்சத்து 30 ஆயிரத்துக்குச் சற்று மேல். இரு பகுதியினரும் ஏறத்தாழச் சமம். இருவரும் சேர்ந்து நாட்டின் சனத்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்.

காலனித்துவ நிர்வாகத்துக்கு அது குடிபெயர் தொழிலாளரைத் தனியாகக் கணக்கிடும் ஒரு வசதி. ஆனால் அந்த நிரலில் அப்போதே லயத்தில் பிறந்து, லயத்தில் மணம்முடித்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள் பலர் இருந்தனர். பிறப்பிடத்தைக் குறிக்காமல் வம்சாவளியைக் குறித்த அந்தச் சொல், ஒரு தலைமுறைக்குப் பிறகு சட்டமாக மாறியது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா ஆகியோர் அவ்வெழுவரில் அடங்குவர். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. மணமானவர் என்றால் 1946க்கு முன்னர் ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் என்றால் பத்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கு வசித்ததை நிரூபிக்க வேண்டும். ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே. லயத்துக்கு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லாத, கடிதம் கூடத் தோட்டக் கந்தோர் வழியாகவே வந்து சேரும் ஒரு குடித்தனம் தன் வசிப்பிடத்தை எந்தக் காகிதத்தைக் கொண்டு நிரூபிக்கும்?

1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களும் இல்லாமற் போயின. இவ்வளவும் வாசகர்கள் அறிந்த வரலாறே. குடிசன மதிப்பீட்டுடன் தொடர்புபட்ட மற்றொரு விடயம் அதிகம் பேசப்படுவதில்லை. சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஒன்று, 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் தேர்தல் தொகுதிகள் பிரிக்கப்பட்டன. இங்கே 'பேர்' என்பது வாக்காளரைக் குறிப்பதன்று; மக்களைக் குறிப்பது. 1959இல் நடந்த தொகுதி நிர்ணயத்திலும் மொத்தச் சனத்தொகையே அடிப்படையாக இருந்தது. அதாவது, ஆசனங்களின் தொகையைத் தீர்மானிக்கும்போது லயத்தில் வாழ்ந்தவர் ஒவ்வொருவரும் எண்ணப்பட்டார். அந்த ஆசனத்துக்கு யார் போவது என்று தீர்மானிக்கும் நாளில் அவர் வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாது. இதனால் மலைநாட்டுத் தொகுதிகளில் மிகக் குறைந்த வாக்காளர்களே ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்யும் நிலை உருவாகியது. தொழிலாளியின் தலையெண்ணிக்கை பிறருடைய வாக்கின் பெறுமதியை உயர்த்தப் பயன்பட்டது.

1953இல் 'இந்தியத் தமிழர்' 9 இலட்சத்து 74 ஆயிரம் பேர். நாட்டின் 12 வீதம். இலங்கைத் தமிழரைவிட அதிகம். அத்தனை பேரும் பாராளுமன்றத்தில் ஒரு தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதியைப் பெற 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாமவராகத் தொண்டமான் தெரிவானார்.

இதற்கிடையில் குடித்தனங்களே உடைந்தன. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பேச்சுவார்த்தை மேசையில் அவை எண்கள். லயத்திலோ அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் மனுப் போட்ட குடும்பங்கள் இருந்தன. தோட்டங்களில் 1973, 1974ஆம் ஆண்டுகளில் நிலவிய பட்டினி, தயங்கி நின்ற பலரையும் கப்பலேற வைத்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் சேவை நின்றுபோகும் வரை மக்கள் போய்க்கொண்டிருந்தனர். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி ஆகிய இடங்களில் இன்றும் அவர்களின் வழித்தோன்றல்களைக் காணலாம். 1977, 1981, 1983 வன்செயல்களால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் வேறு.

இப்பின்னணியில் 1981 மதிப்பீட்டைப் பாருங்கள். 1971இல் 11 இலட்சத்து 75 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் 8 இலட்சத்து 19 ஆயிரமாகக் குறைந்தனர். கப்பலேறியவர்களால் மட்டும் ஏற்பட்ட வீழ்ச்சி அல்ல இது. பிரஜாவுரிமை பெற்ற பலர் கணக்கெடுப்பாளரிடம் தம்மை 'இலங்கைத் தமிழர்' என்று பதியச் சொன்னார்கள்.

ஏன் அவ்வாறு சொன்னார்கள் என்பதை 2012 மார்ச்சில் அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் நேரில் கேட்டேன். கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஓய்வுபெற்ற ஒரு கொழுந்துத் தொழிலாளி, எழுபது வயதைக் கடந்த பெண்மணி, இஸ்தோப்பில் அமர்ந்தபடி சொன்னார்: "எங்க அம்மா பொறந்ததே இந்தத் தோட்டத்துலதான் தம்பி. 'இந்திய'ன்னு எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு ஒருத்தன் வந்து 'உன் நாட்டுக்குப் போ'ன்னா எங்க போறது? நான் 'இலங்கை'ன்னுதான் போடச் சொன்னேன்." பக்கத்து வீட்டு இளம் ஆசிரியை இதை ஏற்கவில்லை. "எல்லாரும் அப்படிப் போட்டா நம்ம ஆளுங்க எத்தன பேருன்னே தெரியாமப் போயிரும் ஆயா. அப்புறம் எதக் காட்டி வீடு கேக்கிறது, காணி கேக்கிறது?" என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருவர் கடந்த காலத்துக்கு அஞ்சினார். மற்றவர் வரப்போகும் காலத்தை நினைத்துக் கவலைப்பட்டார்.

2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் அந்த நிரலுடன் சேர்க்கப்பட்டது. மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நிறைவு 2023இல் நினைவுகூரப்பட்டபோது ஓங்கி ஒலித்த கோரிக்கைகளில் பெயர் பற்றியதும் ஒன்று. எனினும் முடிவுகள் வெளிவந்தபோது அந்த நிரலில் இருந்தோர் 2.8 வீதமே, ஏறத்தாழ 6 இலட்சம் பேர். 2012இல் அது 4.1 வீதம். இதைக் கண்டு மலையக மக்கள் மறைந்துவிட்டனர் என்று எழுதியவர்களும் உண்டு. அடுத்த நிரலையும் பார்த்திருக்க வேண்டும். இலங்கைத் தமிழர் 11.2 வீதத்திலிருந்து 12.3 வீதமாக உயர்ந்துள்ளனர். இரண்டையும் கூட்டினால் 2012இல் 15.3, 2024இல் 15.1. கூட்டுத்தொகை பெரிதாக மாறவில்லை. எனவே இவ்வீழ்ச்சியின் பெரும்பகுதி மக்கள் நிரல் மாறியதன் விளைவு என்றே நான் கருதுகிறேன்.

இதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் 2012இல் தலா 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நாட்டின் வேறு பகுதிகளில் சில பத்தாயிரம் பேருக்கே ஒரு செயலகம் உள்ளது. பிறப்புச் சான்றிதழ் முதல் முதியோர் கொடுப்பனவு வரை எல்லாவற்றுக்கும் மக்கள் அந்தக் கந்தோர் வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது. கூடுதல் செயலகங்கள் வேண்டும் என்று கேட்டவர்கள் கையில் வைத்திருந்த ஆயுதம் இந்தக் குடிசன எண்கள்தான். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் கேட்பவர்கள் நாளை கையில் எடுக்கவேண்டியதும் அவையே. தொகுதிகள் மீண்டும் வரையப்படும் நாளில் மலையக மக்களின் தொகை 6 இலட்சம் என்று ஒருவர் வாதிட்டால், மேலே சொன்ன கூட்டல் கணக்கைத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

லயங்களிலிருந்து இளைஞரும் யுவதிகளும் கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கடையிலும் பிறர் வீட்டிலும் வேலை செய்யும் அவர்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்பது ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எழும் கேள்வி. பெற்றோருக்கு அந்தப் பிள்ளை இன்னும் தம் அடுப்பில் சாப்பிடும் பிள்ளைதான். அறிக்கையோ அப்பிள்ளை வழமையாக எங்கு வசிக்கிறது என்று கேட்கிறது. அடுத்த பத்தாண்டில் இம்மாவட்டத்தின் குடித்தனக் கணக்கை மாற்றப்போவது இந்த நகர்வே என்பது என் கணிப்பு.

மலையகத்தில் வேர்கொண்டு இன்று தமிழகத்திலோ ஐரோப்பாவிலோ கனடாவிலோ வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய தோட்டத்துத் துண்டு, பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, கடவுச்சீட்டு ஏதேனும் கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரதி எடுத்து, யார் யாருக்கு என்ன உறவு, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நம்மவர்களின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டபோது அவர்கள் கையில் இல்லாமற் போனது இத்தகைய காகிதங்களேயாகும்.