தாத்தாவின் ரிவால்வரும் அதன் உரிமப் புத்தகமும்

எங்கள் ஆத்தில் அதற்கு 'பிஸ்டல்' என்றே பெயர். உண்மையில் அது ரிவால்வர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாத்தா எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். பாட்டி காதில் போட்டுக்கொண்டதே இல்லை. "எதுவானா என்ன, அந்தச் சனியனை ஸ்வாமி அலமாரிப் பக்கம் கொண்டுவராதேங்கோ" என்பாள்.

அப்பா காலமானபின் அது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. பிறகு அதை அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டோம். "தாத்தா யுத்தத்தில் வைத்திருந்த பொருளை இப்படியா விடுவது?" என்று பல ஊர்களிலிருந்தும் உறவினர்கள் கேட்டார்கள். அவர்களுக்குப் பதிலாகவும், இதே சங்கடம் வரக்கூடிய மற்ற அங்கத்தினர்களுக்குப் பயன்படட்டும் என்றும் இதை எழுதுகிறேன்.

டாக்டருக்கு எதற்குத் துப்பாக்கி?

பாலக்காட்டில் 96 கிராமங்கள் என்று கணக்குச் சொல்வோமே, அவற்றில் ஒன்று தாத்தாவினுடையது. சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர், 1942-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 1939-ல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம், போர் முடிவதற்குள் 25 லட்சமாகப் பெருகியது. அத்தனை பேருக்கும் வைத்தியம் பார்க்க டாக்டர்கள் வேண்டியிருந்ததால், யுத்த காலத்துக்கு மட்டும் என்று பலருக்கு அதிகாரிப் பதவி கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். 1943 ஏப்ரலில் இந்திய ராணுவ மருத்துவப் படை தனியாக உருவானபோது தாத்தாவும் அதில் வந்தார்.

அவருக்குக் கொடுக்கப்பட்டது வெப்ளி .38 ரிவால்வர். இங்கிலாந்தில் பர்மிங்காமில் இருந்த வெப்ளி அண்டு ஸ்காட் கம்பெனி செய்தது. ஆறு தோட்டா போடலாம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பக்கத்தில் உள்ள கொக்கியை அழுத்தினால் குழல் முன்பக்கம் மடிந்து காலித் தோட்டாக்கள் தாமாக வெளியே வந்துவிடும். பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம். யுத்த அவசரத்தில் மெருகு போட நேரமில்லாததால், உடம்பில் 'வார் ஃபினிஷ்' என்றே பொறித்திருந்தது.

டாக்டருக்கு இது எதற்கு என்று சிறுவயதில் கேட்டேன். தாத்தா சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. "எடா, இது யாரையும் துரத்திண்டு போய்ச் சுடறதுக்கில்லே. எனக்குப் பின்னாலே எழுந்திருக்க முடியாம படுத்திண்டிருக்கானே, அவனுக்காகக் கொடுத்தது." வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் அப்போது எண்ணினேன். 1929-ம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மருத்துவப் பிரிவினர் தங்களையும் தங்களிடம் உள்ள காயம்பட்டவர்களையும் காத்துக்கொள்ள ஆயுதம் வைத்திருக்கலாம். அதனால் அவர்களுக்குள்ள பாதுகாப்பு போய்விடாது.

தாத்தா அரக்கான் முனையில் ஃபீல்டு ஆம்புலன்ஸில் இருந்தார். பெயரைப் பார்த்து அதை வண்டி என்று எண்ணக் கூடாது. காயம்பட்டவர்களைப் போர்முனையிலிருந்து பின்னால் கொண்டுவந்து சிகிச்சை தரும் ஒரு முழுப் பிரிவு அது. உண்மையில் குண்டுக் காயத்தைவிட மலேரியாவும் வயிற்றுப்போக்கும்தான் பெரிய சத்துரு. 1943-ல் காயத்தால் ஒருவர் பின்னுக்கு அனுப்பப்பட்டால், நோயால் 120 பேர் அனுப்பப்பட்டார்கள் என்று தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். மலேரியாவுக்குத் தினம் மெபாக்ரின் மாத்திரை. அதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தோலே மஞ்சளாகிவிடுமாம். "மஞ்சள் தேச்சுக் குளிச்ச மாதிரி எல்லாரும் சுமங்கலிகள்தான்" என்று சொல்லித் தாத்தா சிரிப்பார்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் சிரிக்காமல் சொல்வார். 1944 பிப்ரவரி 7-ம் தேதி இரவு, 'அட்மின் பாக்ஸ்' என்று பெயர்பெற்ற சின்ஸ்வேயா முகாமில் ஜப்பானியர் சிகிச்சை நிலையத்துக்குள் புகுந்து, படுத்திருந்த நோயாளிகளையும் டாக்டர்களையும் கொன்றார்கள். தாத்தா அப்போது அங்கே இல்லை. ஆனால் செய்தி வந்த நாள் முதல், டாக்டரின் இடுப்பில் தொங்கும் ரிவால்வரைப் பார்த்து அவர் பிரிவில் யாரும் கேலி பேசவில்லையாம். பயிற்சி முகாமைத் தவிர வேறெங்கும் அவர் அதைச் சுட்டதில்லை.

ஒரே நாளில் மூன்று ராஜ்யங்கள்

1946-ல் விடுவிக்கப்பட்டபோது, உரிய அனுமதியுடன் விலை கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அங்கே உரிமம் கிடைத்தது.

மறுவருஷம் மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே போவதற்கு வழி பாருங்கள். பாலக்காட்டில் ரயில் ஏறினால் பிரிட்டிஷ் இந்தியா. திருச்சூர் வந்தால் கொச்சி ராஜ்யம். ஆலுவாயில் இறங்கினால் திருவிதாங்கூர். பிறகு 1935-ல் கட்டிய நேரியமங்கலம் பாலத்தில் பெரியாற்றைக் கடந்து மலை ஏற வேண்டும். பாட்டி அந்தப் பிரயாணம் முழுவதும் எந்த எல்லையில் யார் பெட்டியைத் திறக்கச் சொல்வார்களோ என்று ராம நாமம் ஜபித்துக்கொண்டே வந்தாளாம். பெட்டியில் ரிவால்வருக்கு மேலே இருந்தது அப்பளக் கட்டு!

திருவிதாங்கூரில் புதிதாக உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. அதில் சங்கு முத்திரை. 1949-ல் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தது. தேவிகுளம் தமிழ்நாட்டோடு சேருமா, கேரளத்தோடு நிற்குமா என்று போராட்டம் நடந்த காலம் அது. தோட்டத்துத் தொழிலாளர் பெரும்பாலும் தமிழர். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அதே பேச்சுத்தான் என்பார் தாத்தா. கடைசியில் தேவிகுளம் கேரளத்தில், கோட்டயம் ஜில்லாவில் நின்றது. 1972 ஜனவரி 26 முதல் இடுக்கி ஜில்லா. தாத்தா வீட்டை விட்டு நகரவே இல்லை, அரசாங்கங்கள்தான் மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அவருடைய உரிமத்தில் ஒரு முத்திரை குத்திவிட்டுப் போயிருக்கிறது. திருவிதாங்கூர் சங்கு கேரள முத்திரையிலும், அசோகச் சிங்கத்துக்குக் கீழே, தொடர்ந்து இருப்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டித்தான் நான் கவனித்தேன்.

உயில் போதாது

ஓய்வு பெற்றுக் கிராமத்துக்குத் திரும்பிய பிறகும், தேர்தல் அறிவிப்பு வந்தால் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைப்பார். தேர்தல் முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கி வருவார். அவருக்குப் பிறகு அப்பா நெடுநாள் அலைந்து தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அப்பாவுக்குப் பிறகுதான் கேள்வி வந்தது. நான் சென்னையில், தம்பி பெங்களூரில், தங்கை அமெரிக்காவில்.

வீடும் நகையும் போலத் துப்பாக்கி உயிலால் மட்டும் வாரிசுக்கு வந்துவிடாது. 1962 அக்டோபரில் அமலுக்கு வந்த 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் உள்ளவர் காலமானால் அதைப் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் யாரும் உரிமத்தோடு வந்து கேட்காவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும். அத்துடன் .380 தோட்டா ஏற்கும் ரிவால்வர்கள் இன்றைய விதிகளில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. விண்ணப்பம் டெல்லி உள்துறை வரை போக வேண்டும்.

குடகில் கதை வேறு. 1861 முதல் குடவர்களுக்கு உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் அதை மேலும் பத்து வருஷம் நீட்டித்தார்கள். அங்கே துப்பாக்கி குலத்தின் அடையாளம். கைல்போது பண்டிகையில் அதற்குப் பூ வைத்துப் பூஜை செய்கிறார்கள். நம் ஆத்து சரஸ்வதி பூஜையில் பலகைமேல் ஏறியது தாத்தாவின் ஸ்டெதாஸ்கோப். ரிவால்வரைப் பாட்டி ஒரு வருஷமும் ஏற்றவில்லை.

தம்பிக்கு அதை வைத்துக்கொள்ள ஆசை. இரவில் தொலைபேசியில் வார்த்தை தடித்தது. ஒரு மாதம் பேச்சே இல்லை. கடைசியில் தங்கைதான் கேட்டாள்: "தாத்தா அதை வெச்சிண்டிருந்தது பின்னாலே படுத்திருந்தவாளுக்காக. நமக்குப் பின்னாலே யார் படுத்திண்டிருக்கா?" தம்பி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கொடுத்துடலாம்" என்றான். மூவரும் கையெழுத்திட்டோம்.

பழைய துப்பாக்கி உள்ள அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். 2016-ம் வருஷத்து விதிகளின்படி, உரிமம் பெற்றவருக்கு 70 வயதானாலோ, ஆயுதத்தை 25 வருஷம் வைத்திருந்தாலோ, தாமே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு அவர் பெயரில் உரிமம் கோர வழியுண்டு. கொடுப்பதா இல்லையா என்பதை அதிகாரிகள் முடிவு செய்வார்கள். உரிமம் இல்லாமல் பரணில் வைத்திருப்பது குற்றம். "தாத்தா காலத்துப் பொருள்" என்ற சமாதானம் செல்லாது.

உரிமப் புத்தகத்தையும் அதோடு கொடுத்தாயிற்று. அதற்கு முன் எல்லா முத்திரைகளும் தெரியும்படி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மூன்று பேரும் வைத்திருக்கிறோம். ரிவால்வரின் வளையத்தில் இருந்த கயிற்றை மட்டும் அவிழ்த்துத் தம்பியிடம் கொடுத்தேன். அந்த வருஷம் பெங்களூரில் சரஸ்வதி பூஜைப் பலகையில், ஸ்டெதாஸ்கோப்பின் பக்கத்தில் அதைச் சுருட்டி வைத்திருந்தான்.