புல்லுக்குத் தண்ணி ஆர் விடுறது? இரணைமடுப் பக்கத்திலிருந்து ஒரு மைதான வரலாறு

போன வருசம் நாங்கள் படித்த பாடசாலையில ஒரு கூட்டம் நடந்தது. இரணைமடுக் குளத்திலிருந்து சைக்கிளில போய்வரக்கூடிய தூரத்தில இருக்கிற பாடசாலை. பேர் வேண்டாம், வன்னியில இப்பிடி நிறையப் பாடசாலைகள் இருக்கு. வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர்கள் உதைபந்தாட்டத்துக்குப் புது வசதிகள் செய்து தர விரும்பினார்கள். படம் கீறிக்கூட அனுப்பியிருந்தார்கள்: இரண்டு தட்டுப் பவிலியன், வாசலில ஒரு வளைவு, வளைவில கல்வெட்டு. எல்லாருக்கும் சந்தோசம். கடைசி வரிசையிலிருந்து ஒரு ஐயா மட்டும் எழும்பிக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, புல்லுக்குத் தண்ணி ஆர் விடுறது?"

சிலர் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு கம்பசுக்குத் திரும்பி, நூலகத்தில இருந்து பழைய கதைகளைத் தோண்டத் தோண்ட, அந்தக் கூட்டத்தில கேட்கவேண்டியிருந்த ஒரே கேள்வி அதுதான் எண்டு விளங்கிச்சு. இந்தக் கட்டுரை அந்த ஐயாவுக்குப் பிந்தி வாற பதில்.

குளத்திலிருந்தே தொடங்குவம். இரணை எண்டால் இரட்டை. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து வந்து சுண்டிக்குளம் கடல்நீரேரியில சேருது. அந்த ஆற்றை மறித்து 1902இல் அணைக்கட்டு வேலை தொடங்கினது, முடிய இருபது வருசத்துக்குக் கிட்ட எடுத்தது. அணை பிறகும் பல தடவை உயர்த்தப்பட்டது. 1930களிலிருந்து யாழ்ப்பாணத்தில காணி இல்லாத குடும்பங்கள் இந்தக் குளத்தை நம்பிக் குடியேறினார்கள். உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் எல்லாம் அப்பிடி வளர்ந்த ஊர்கள். பிறகு 1958, 1977 வன்செயல்களில அடிபட்டு வந்த மலையக மக்களும் இந்த மாவட்டத்தில குடியேறினார்கள்.

குடியேற்றத் திட்டத்தில வயல் அளந்தார்கள், மேட்டுக்காணி அளந்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், பாடசாலைக்கும் கோயிலுக்கும் இடம் விட்டார்கள். ஆனால் திட்டத்துக்கு வெளியில, காடு வெட்டித் தாங்களாகவே குடியிருந்தவர்களின்ர ஊர்களில வாய்க்காலும் வரவில்லை, அளந்த மைதானமும் வரவில்லை. இண்டைக்கும் எந்தப் பாடசாலையில புல்லு நிக்குது, எதில புழுதி பறக்குது எண்டு பார்த்தால், ஆர் எப்ப, எந்த வழியால வந்து குடியேறினவர்கள் எண்ட கதையின்ர ஒரு பகுதி தெரியும்.

உதைபந்து எங்களுக்கு வந்தது வேற வழியால. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில பிரித்தானியப் படையாட்களும் மிசனறிப் பாடசாலைகளும் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் விளையாட்டில்லை, ஒழுக்கம் பழக்கிற கருவி. காஷ்மீரில ரிண்டேல்-பிஸ்கோ எண்ட மிசனறி அதிபர் 1891இல் பிராமணப் பையன்களுக்கு முன்னால தோல் பந்தைப் போட்டு விளையாடச் சொன்னார். தோலைத் தொடமாட்டம் எண்டு அவர்கள் மறுத்தார்கள், அவர் கட்டாயப்படுத்தி விளையாட வைத்தார். இந்த ஆட்டம் எங்கட பக்கங்களுக்கு அதிகாரத்தோடதான் வந்து இறங்கினது. பிறகு சனம் அதைத் தன்ர ஆக்கிக்கொண்டது. 1911இல் கல்கத்தாவின் மோகன் பகான் பெரும்பாலும் வெறுங்காலோட ஆடி ஒரு பிரித்தானியப் படையணியைத் தோற்கடித்துக் கேடயம் வென்றது. எங்கட ஊரிலயும் வயல் வெட்டு முடிஞ்சால் தாள் நிக்கிற வயலுக்குள்ளயே ஆட்டம் தொடங்கும். அதுக்குப் பவிலியன் தேவைப்படவில்லை.

அப்ப கல்லூரி விளையாட்டுக்குப் பெரிய கட்டடம் எண்ட எண்ணம் எங்கயிருந்து வந்தது? இந்தக் கதையில எங்களுக்குப் பிடிச்ச இடம் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம். அங்க 1903இல் கொங்கிரீற்றால ஒரு பெரிய அரங்கம் கட்டினார்கள். அப்ப கொங்கிரீற்றில அவ்வளவு பெரிய அரங்கம் புதுமை. காசின்ர ஒரு பெரிய பங்கு, ஒரு இலட்சம் டொலர், 1879ஆம் ஆண்டு வகுப்புப் பழைய மாணவர்கள் கொடுத்த அன்பளிப்பு. அதாவது எங்கட கூட்டத்தில நடந்தது அங்க நூறு வருசத்துக்கு முன்னமே நடந்திட்டுது.

அவர்கள் ஆடினது கையில பந்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடி இடிபடுற அமெரிக்க உதைபந்தாட்டம். 1905இல் அந்த ஆட்டத்தில பல இளைஞர்கள் செத்துப் போனார்கள். இடிபாட்டைக் குறைக்க மைதானத்தை அகலமாக்குவம் எண்டு ஒரு யோசனை வந்தது. ஆனால் ஹார்வர்டின் புதுக் கொங்கிரீற்று அரங்கத்தில அகலிக்க இடமில்லை. அதனாலதான் அகலத்தை விட்டிட்டு, பந்தை முன்னுக்கு எறியலாம் எண்ட விதியை 1906இல் கொண்டுவந்தார்கள் எண்டு விளையாட்டு வரலாறு எழுதுறவர்கள் சொல்லுவார்கள். முதல் கட்டினது பிறகு வாறதைத் தீர்மானிக்கும் எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கேல்லை. எங்கட பாடசாலை மைதானத்தின் மேற்குப் பக்கத்தில பவிலியன் வந்தால், 400 மீற்றர் ஓடுபாதைக்கு இனி ஒருநாளும் இடம் வராது. இதை அந்தக் கூட்டத்தில ஒருத்தரும் அளந்து பார்க்கவில்லை.

இனி வடக்குக்கு வருவம். யாழ்ப்பாணத்தின் பெரிய மைதானம் துரையப்பா விளையாட்டரங்கு. 1975 ஜூலை 27இல் சுட்டுக் கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் அதுக்கு. போரால பாழடைஞ்சு கிடந்த அரங்கத்தை 1999இல் திருத்த வெளிக்கிட்டு மண்ணைத் தோண்டினபோது மனித எலும்புக்கூடுகள் வந்தது. பிறகு இந்தியாவின் 145 மில்லியன் ரூபா உதவியோட, 1,850 பேர் இருக்கக்கூடியதாகத் திருத்தி 2016 ஜூன் 18இல் திறந்தார்கள். ஜனாதிபதி சிறிசேன நேரில நிண்டார், பிரதமர் மோடி டெல்லியிலிருந்து காணொளியில பேசினார். அங்க யோகா தினமும் நடந்தது. எலும்புகள் ஆருடையது எண்ட கேள்விக்குச் சனத்துக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

வன்னியில இது இன்னும் கிட்ட வருது. 2023 ஜூன் கடைசியில கொக்குத்தொடுவாயில தண்ணிக்குழாய்க்குக் கிடங்கு வெட்டினபோது மனித எச்சங்கள் வந்தது. 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தியில தகன மேடைக்கு மண் வெட்டினபோதும் வந்தது. குழாய்க்குத் தோண்டினாலும், அரங்குக்குத் தோண்டினாலும் எங்கட மண்ணில முதல் வாறது என்னவெண்டு சொல்லேலாது. அதுக்காகக் கட்டக்கூடாது எண்டு நாங்கள் சொல்லவில்லை. தோண்டுறதுக்கு முன்னம் கண்ணிவெடி அகற்றின பதிவைப் பார்க்கிறதும், ஏதும் வந்தால் வேலையை நிப்பாட்டி நீதிமன்றத்துக்கு அறிவிக்கிறதும் இங்க கட்டட வேலையின்ர ஒரு பகுதி. அதைப் படத்தோட சேர்த்து எழுதி வைக்கவேணும்.

கிளிநொச்சி நகரத்துக்கும் ஒரு பெரிய விளையாட்டரங்கு வாக்குத் தரப்பட்டது. போர் முடிஞ்ச கையோட தொடங்கின கதை, வருசக்கணக்காக இழுபட்டது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக பஸ்ஸில போகேக்க அரைகுறைப் படிக்கட்டுகளைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தோம். இதே இரணைமடுவில விமான ஓடுபாதைக்கு ஒருக்காலும் தாமதம் வரவில்லை. போர் முடியிறதுக்கு முன்னம் புலிகள் ஒன்று கட்டினார்கள், போருக்குப் பிறகு விமானப்படை 2013இல் புது ஓடுபாதை திறந்தது. ஆர் ஆண்டாலும் எந்தக் கொங்கிரீற்று முதல் இறுகுது எண்டதை வரலாறு படிக்கிறவர்கள் குறித்துவைக்கத்தானே வேணும்.

ஆனாலும் ஆட்டம் நிக்கவில்லை. 2018இல் வடக்குக் கிழக்குப் பிரீமியர் லீக் தொடங்கினபோது கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ், வவுனியா வாரியர்ஸ் எண்டு வன்னிக்குப் பெயர் சொல்ல அணிகள் இருந்தது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அகில இலங்கைப் பாடசாலைச் சம்பியன் பட்டத்தைப் பல தடவை வென்றார்கள். வீட்டில உதைபந்தாட்டத்துக்கு விடுங்கோ எண்டு கேட்ட எங்கட ஊர்ப் பெட்டையளுக்கு அந்த வெற்றிகள்தான் பெரிய துணை.

எங்கட பாடசாலைப் பெண்கள் அணி உடுப்பு மாற்றினது ஒரு வகுப்பறையில. யன்னலுக்குச் சேலை கட்டி, வாசலில ஒருத்தி காவல் நிப்பாள். மலசலகூடம் மைதானத்தின் மற்ற அந்தத்தில, தண்ணி வராத நாள்களும் உண்டு. எங்களில ஒருத்தி பத்தாம் வகுப்போட ஆட்டத்தை விட்டதுக்குக் காரணம் காயமும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. அந்த மலசலகூடம்தான். வந்த படத்தில பவிலியனின் மேல்தட்டில விருந்தினர் அறை இருந்தது. பெண்களுக்கு உடுப்பு மாற்ற அறை இருக்கவில்லை.

இப்ப ஐயாவின் கேள்வி. உதைபந்தாட்ட மைதானம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம் எண்டு வைப்பம். 7,140 சதுர மீற்றர், கிட்டத்தட்ட ஒண்டே முக்கால் ஏக்கர். கோடையில புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் தண்ணி வேணுமெண்டால் 35,700 லீற்றர். 5,000 லீற்றர் பவுசரால ஏழு தடவை. கச்சான் காத்து அடிக்கிற ஆடி ஆவணியில ஆர் அப்பிடி ஊத்துறது? ஆனால் இதே அளவு சிறுபோக வயல் இதைவிடக் கூடத் தண்ணி குடிக்கும். குளத்தோட பார்த்தால் ஒரு மைதானத்தின்ர தேவை பெரிசில்லை. வாய்க்கால் கசிவால ஊறுற கிணறு ஒண்டும், ஒரு மோட்டரும், மாசச் சம்பளத்துக்கு ஒரு ஆளும் இருந்தால் புல்லு நிக்கும். மாரியில எதிர்ப்பிரச்சினை, தண்ணி வடியாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கினதை நாங்கள் கண்டனாங்கள். அதுக்கு மண்ணுக்குக் கீழ வடிகால் வேணும். அதில கல்வெட்டுப் பதிக்கேலாது எண்டதுதான் அதின்ர ஒரே குறை.

வெளிநாட்டில இருக்கிற அண்ணையாக்களை நாங்கள் குறை சொல்லவில்லை. இரவு வேலை செய்து அனுப்பிற காசு அது. அவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியிற ஒண்டு வேணும் எண்டது நியாயமான ஆசை. அதனால நாங்கள் ஒரு பட்டியல் எழுதி அனுப்பினோம். முதலில வடிகால். இரண்டாவது கிணறும் மோட்டரும். மூன்றாவது பெண்களுக்கு உடுப்பு மாற்ற அறையும் தண்ணி வாற மலசலகூடமும். நாலாவது, மைதானம் பார்க்கிற ஆளுக்கு ஐந்து வருசச் சம்பளத்தை வங்கியில போடுறது. ஐந்தாவது, மைதானம் இல்லாத பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிழமையில இரண்டு பின்னேரம் விடுறது. ஆறாவதாகப் பவிலியன், அதுவும் ஓடுபாதைக்கு இடம் விட்டு, அளந்து.

ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை பதில் போட்டார்: "பவிலியனை ஆறாவதாப் போட்டிட்டியள்." பிறகு கிணறு வெட்ட எவ்வளவு முடியும் எண்டு கேட்டார். நாங்கள் விலை விசாரிச்சுக்கொண்டு இருக்கிறோம். கிணறு வெட்டின அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாக வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கத்து ஆக்கள், எங்களுக்கு எழுதுங்கோ.